காய நேரம் கிடைக்காத நாட்கள்: வடகிழக்குப் பருவமழைக்கு வீட்டைத் தயார் செய்வது

சிங்கப்பூருக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது டிசம்பரும் ஜனவரியும்தான். வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் முதல் வாரங்கள் வரை வீசும். முன்பாதி ஈரம், பிப்ரவரியிலிருந்து வறட்சி. வடக்கே ஆசியப் பெருநிலத்தில் சேர்ந்த குளிர்காற்று தென்சீனக் கடலின் மேல் வேகமாக இறங்கும்போது இங்கே இரண்டு முதல் ஐந்து நாட்கள் வரை மழை விடாமல் பெய்யும். வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். டிசம்பர் மாதத்தில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 19.4 டிகிரியும் 1934 ஜனவரியில் வந்ததே.

வீட்டைப் பாழாக்குவது குளிர் அல்ல, மழையின் அளவுகூட அல்ல. ஏப்ரல் மாதத்து இடிமழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தாலும் மறுநாள் வெயிலில் சுவர் காய்ந்துவிடும். பருவமழையில் சுவருக்கும் துணிக்கும் அலமாரிக்கும் காய நேரமே கிடைப்பதில்லை. மற்ற மாதங்களில் யார் கண்ணிலும் படாத சின்ன விரிசல் அப்போது பெரிய ஈரத்திட்டாகும். அந்த நேரத்தில் பழுதுபார்க்கவும் முடியாது. ஈரச் சுவரில் மூட்டை அடைக்கும் சிலிக்கோன் பசை ஒட்டாது, பூசிய பெயின்ட் கொப்பளிக்கும். ஆகவே அடைப்பது, ஒட்டுவது, பூசுவது எல்லாம் அக்டோபர், நவம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு எப்படியும் வீட்டைத் துடைக்கிறோம். அதோடு சேர்த்துச் செய்துவிடலாம். அந்த மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால் வெளிப்பக்க வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திசையைப் பாருங்கள்

கைப்பேசியில் உள்ள திசைகாட்டியை ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்துப் பாருங்கள். இந்தப் பருவத்தில் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்தப் பக்கம் பார்த்த ஜன்னலும் சுவரும்தான் சாரலை நேராக வாங்கும். நேரமும் காசும் குறைவென்றால் அந்தப் பக்கத்தை முதலில் முடியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகாலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்று மேற்கிலிருந்து வருவது. அப்போது நனையாத அறை டிசம்பரிலும் நனையாது என்று எண்ண வேண்டாம்.

போன ஆண்டு ஒழுகிய இடங்களையும் நினைவுபடுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னலின் கீழ் மூலையில் பெயின்ட் உப்பியிருப்பது, தரைவிளிம்புப் பலகை கறுத்திருப்பது, சுவரில் வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருப்பது ஆகிய மூன்றும் தண்ணீர் வந்துபோன தடங்கள். உப்புப் பூத்த சுவர் என்றால் தண்ணீர் சிமெண்டின் ஊடாகவே வந்திருக்கிறது.

ஜன்னல்: ஒழுகலில் பெரும்பங்கு இங்கேதான்

நகர்த்தும் ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் மழைநீர் தேங்குவது இயல்பு. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தேங்கிய நீர் வெளியே போவதற்காகச் சட்டத்தின் வெளிப்பக்கம் சிறு நீள்துளைகள் இருக்கும். தூசி, செத்த எறும்பு, தலைமுடி, பெயின்ட் துணுக்கு எல்லாம் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் மட்டம் ஏறி உள்விளிம்பைத் தாண்டி வீட்டுக்குள் வழியும். "ஜன்னல் ஒழுகுது" என்று ஆள் கூப்பிடும் பலருக்குத் தேவைப்படுவது ஒரு சாத்தே குச்சிதான் (இறைச்சி செருகிச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி).

செய்முறை இது. தண்டவாளத்தைக் காய்ந்த நிலையிலேயே முதலில் தூசி உறிஞ்சியால் உறிஞ்சுங்கள். நனைத்துவிட்டுத் தேய்த்தால் தூசி சேறாகித் துளைக்குள் இன்னும் ஆழமாகப் போய் அடைக்கும். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து, சாத்தே குச்சியை உள்பக்கத்திலிருந்து துளைக்குள் விட்டுச் சுற்றுங்கள். கடைசியில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வடிந்துவிட்டால் துளை திறந்திருக்கிறது. கீழ்வீட்டில் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது. எந்தக் கட்டத்திலும் உடலை வெளியே நீட்டாதீர்கள், வீட்டுப் பணிப்பெண்ணையும் நீட்டவிடாதீர்கள். உள்ளிருந்து கை எட்டாத வேலை ஒப்பந்தக்காரரின் வேலை.

இங்கே நடக்கும் பெரிய தவறு, "தண்ணி இந்த ஓட்டை வழியாத்தான் வருது" என்று அந்த வடிகால் துளையையே சிலிக்கோனால் அடைத்துவிடுவது. அப்புறம் தண்டவாளம் தொட்டியாகிவிடும். முன்பு சொட்டிய ஜன்னல் அடுத்த மழையில் ஊற்றும்.

துளை சரியாக இருந்தும் ஒழுகினால், அடுத்துப் பார்க்க வேண்டியது சட்டத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட மூட்டு. மழையைத் தடுப்பது வெளிப்பக்கத்துச் சிலிக்கோன். உள்பக்கம் பூசுவது பார்வைக்குத்தான். வெளிப்பக்கம் விட்டுப்போயிருக்கும்போது உள்ளே மட்டும் அடைத்தால் நீர் சுவருக்குள் சிக்கி, இரண்டடி தள்ளி வேறோர் இடத்தில் எட்டிப்பார்க்கும். ஒழுகும் இடமும் நீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எப்போதும் மேலே நோக்கித் தேடுங்கள்.

தாழ்வாரத்துப் பக்க ஜன்னல், தரைவீட்டு ஜன்னல் போல நின்ற இடத்திலிருந்தே எட்டும் மூட்டுகளை நீங்களே அடைக்கலாம். பழைய சிலிக்கோனைக் கத்தியால் முழுவதும் வெட்டி எடுங்கள். பழையதன் மேல் புதியது ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். இடைவெளி 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் முதலில் நுரைக்கயிறு திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிக்கோன் உள்ளே போய் மூன்று பக்கமும் ஒட்டி, ஜன்னல் விரிந்து சுருங்கும்போது நடுவில் கிழியும். இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, இடைவிடாமல் ஒரே கோடாகப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை மட்டும் இழுங்கள். மேல்தோல் கட்டுவதற்குள், ஐந்து பத்து நிமிடங்களில், நாடாவை உரித்துவிடுங்கள். 24 மணி நேரம் நனையக் கூடாது. 300 மில்லிலிட்டர் குழாய் ஒன்று, 6 மில்லிமீட்டர் அகல ஆழத்துக்குச் சுமார் 8 மீட்டர் வரும். சேதாரம் போக ஒரு சாதாரண ஜன்னலுக்கு ஒரு குழாய் என்று வாங்குங்கள்.

ஹார்ட்வேர் கடையில் "நியூட்ரல் கியூர்" என்று கேட்டு வாங்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் மலிவான வகை சிமெண்டில் சரியாக ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். மேலே பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிக்கோன் வேண்டாம், அதில் பெயின்ட் நிற்காது. எம்எஸ் பாலிமர் வகையை வாங்குங்கள்.

ரப்பர் பட்டைகளையும் மறக்காதீர்கள். வெயிலில் சுருங்கி மூலைகளில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டிருக்கும். மூடிய ஜன்னலுக்கு இடையில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் ரப்பரையோ கைப்பிடியையோ மாற்ற வேண்டும்.

இனிப் பாதுகாப்பு. வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளை எவர்சில்வர் ரிவெட்டாக மாற்றுவது 2004 முதல் சட்டப்படி கட்டாயம். அலுமினியம் அரித்துப்போய் ஒருநாள் பலத்த காற்றில் கதவோடு கழன்று விழும். மாற்றாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். பராமரிக்காததால் ஜன்னல் கீழே விழுந்தால் 10,000 வெள்ளி, ஓராண்டு சிறை வரை போகும். பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் மாற்றியிருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. நகர்த்தும் ஜன்னலில் இரு முனைகளிலும் தடுப்புக்கட்டையும், கதவு தண்டவாளத்தை விட்டு எழாதபடி பாதுகாப்புப் பட்டையும் இருக்க வேண்டும். திருகாணியில் துரு தெரிந்தாலோ கதவு நகரும்போது குதித்தாலோ, கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த ஜன்னல் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். ஆண்டுக்கு இருமுறை இந்தச் சோதனை போதும். தண்டவாளத்துக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கோன் தெளிப்பான் நல்லது.

சுவரிலும் கூரையிலும் ஈரம்: யாருடைய வேலை?

ஈரத்திட்டைப் பார்த்ததும் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். முதலில் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நீர்த்துளி பூத்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் பூத்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம்.

இரண்டாவது வகை இங்கே நினைப்பதைவிட அதிகம். நம் ஊர்க் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். படுக்கையறையில் இரவெல்லாம் ஏர்கான் 20 டிகிரியில் ஓடினால், அந்தச் சுவரின் மறுபக்கம் உள்ள சேமிப்பறையிலோ அலமாரியின் முதுகிலோ வியர்க்கும், பிறகு பூஞ்சை கறுப்பாகப் படரும். மருந்து எளிது: 25 டிகிரியில் வையுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே 5 சென்டிமீட்டராவது விடுங்கள்.

நீர் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது என்றால், வெயில் நாளிலும் சொட்டுகிறதா, மழை நாளில் மட்டுமா என்று கவனியுங்கள். குளியலறைக் கூரையில் மழைக்குச் சம்பந்தமில்லாமல் சொட்டினால், மேல்வீட்டுத் தரையின் நீர்காப்புப் பூச்சு போய்விட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இதைச் சரிசெய்வது மேல்வீடு, கீழ்வீடு இருவரின் கூட்டுப் பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதி பெற்றால் பாதிச் செலவை வீவக ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்காகக் கட்டுவார்கள். மேல்வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கை முதலிலேயே பொறுமையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. முழுச் செலவும் தன் தலையில்தான் விழும் என்ற பயத்தில்தான் பலர் கதவைத் திறக்க மறுக்கிறார்கள்.

மழையோடு மட்டும் வரும் ஈரம் வேறு. மேல்மாடி வீட்டின் மொட்டைமாடிக் கசிவுக்கும் கட்டடத்தின் வெளிச்சுவருக்கும் நகர மன்றத்தை அணுகுங்கள். ஜன்னலும் அதைச் சுற்றிய சிலிக்கோனும் உங்கள் பொறுப்பு. பிடிஓ வீடென்றால், அதாவது விண்ணப்பித்தபின் வீவக கட்டித்தந்த புது வீடென்றால், குளியலறை, சமையலறைக் கூரைக் கசிவுக்கும் வெளிச்சுவர் கசிவுக்கும் வீவக ஐந்தாண்டு உத்தரவாதம் தருகிறது. அந்தக் காலம் முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புகாரோடு மழை பெய்த தேதி, நேரம், சுவர் பார்த்த திசை, ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு எடுத்த படங்கள் ஆகியவற்றை அனுப்பினால் வேலை விரைவாக நடக்கும். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் வெயிலடித்துச் சுவர் காய்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பென்சில் கோடும் படங்களும்தான் சாட்சி.

பூஞ்சை

ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் கிடைக்கும். அறையின் ஈரப்பதம் நாள்கணக்கில் 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் தோலிலும் மரத்திலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். 60-ஐ ஒட்டி வைத்திருப்பதே இலக்கு. மழை விடாத நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அறை காயாது, வெளிக்காற்றே நிறைஈரமாக இருக்கும். மழை விட்ட இடைவெளியில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். மற்ற நேரத்தில் ஏர்கானின் "டிரை" நிலை போதும்.

ஈரமுறிஞ்சி இயந்திரம் வாங்குவதென்றால் கம்ப்ரசர் உள்ளதை வாங்குங்கள். கைக்கடக்கமான மலிவு வகை நாளைக்கு ஒரு குவளை நீரைத்தான் எடுக்கும். சலவை இயந்திரத்திலிருந்து எடுக்கும் ஒரு சுமைத் துணியில் மட்டுமே 2 லிட்டருக்கு மேல் நீர் இருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள். 10 லிட்டர் வகை ஒன்று படுக்கையறை அளவுக்குச் சரியாக இருக்கும். அது ஓடும்போது அறைக் கதவும் ஜன்னலும் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிங்கப்பூர் முழுவதையும் காயவைக்க முயல்வது போலாகும்.

அலமாரிக்குத் தர்ஸ்டி ஹிப்போ போன்ற பெட்டிகள் போதும். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. நிறைந்தபின் சேரும் நீர் தோல் பையையும் உலோகத்தையும் அரிக்கும். கவிழாமல் தரைமட்டத்தில் வைத்து, கோடு எட்டியதும் மாற்றுங்கள்.

சுவரில் ஏற்கெனவே பிடித்த பூஞ்சைக்கு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். உலர்ந்த பூஞ்சையை விளக்குமாற்றால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும், எனவே நனைத்த பிறகே தொடுங்கள். கையுறை, முகக்கவசம், திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். ஜிப்சம் பொய்க்கூரையில் பூஞ்சை பிடித்தால் துடைப்பதில் பயனில்லை. அந்தப் பலகையை வெட்டி மாற்ற வேண்டும்.

பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக்கில் அடைபட்ட ஈரம் சரிகையைக் கறுக்கவைக்கும். பொங்கலுக்கு எடுக்கலாம் என்று விட்டுவைத்தால் மடிப்பில் புள்ளி விழுந்திருக்கும். நவம்பரின் வெயில்நாள் ஒன்றில் நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். மிருதங்கம் போன்ற தோல்வாத்தியம் உள்ள வீடுகளில் உறைக்குள் சிலிக்கா மணிகள் போடுங்கள். நிறம் மாறியதும் அடுப்புப் பெட்டியில் 110 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.

சமையல்கட்டு

டிசம்பருக்கு முன் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டிய மளிகையை வாங்கிக் குவிக்காதீர்கள். தேக்காச் சந்தையில் எப்போதும் கிடைக்கிறது. வீட்டில் வைத்துக் கெடுப்பதைவிட அங்கேயே இருக்கட்டும். அரிசியைக் காற்றுப் புகாத வாளியில் வையுங்கள். ரவையையும் சேமியாவையும் வறுத்து, நன்றாக ஆறியபின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்த ஈரமே கெடுத்துவிடும். வெயிலில் வைத்தெடுக்கும் பழக்கம் உள்ள வற்றல், அப்பளம், மிளகாய் எல்லாம் நவம்பருக்குள் ஒருமுறை வெயில் பார்த்திருக்க வேண்டும். மசாலாப் பொடியில் பாதியை உறைபெட்டியில் வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலத்தை அறைச்சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். அடுப்பு ஆவிக்கு மேலே பிடித்துப் பொடி கொட்டும் பழக்கம்தான் டப்பாவைக் கட்டியாக்குகிறது, கரண்டியால் எடுங்கள்.

கொசு

விட்டுவிட்டுப் பெய்யும் மழை ஏடிஸ் கொசுவுக்கு ஏற்றது. 20 காசு நாணயத்தளவு நீரே அதற்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நனைந்ததும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்விளிம்பைத் தேய்க்க வேண்டும்.

பூந்தொட்டித் தட்டு எல்லாருக்கும் தெரியும். தவறவிடும் இடங்கள் வேறு: பழைய வீவக வீடுகளில் துணி காயவைக்கும் மூங்கில் கழி செருகும் குழாய்கள் (கழி இல்லாதபோது மூடி போடுங்கள்), வாசலில் வைத்த குடைத் தொட்டி, ஏர்கான் வெளிப்பகுதியின் அடித்தட்டு, யாரும் குளிக்காத இரண்டாவது குளியலறையின் தரைவடிகால், துளசித் தொட்டியின் இறுகிய மண்மேல் நிற்கும் நீர், பூசை அலமாரியில் வாடாமலிருக்க நீரில் வைத்த பூ. தொட்டி மண்ணைக் கிளறிவிடுங்கள், பூ நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். எட்டாத இடங்களுக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ பூச்சிக்கொல்லித் துகள்களை உறையில் சொன்ன அளவில் இடலாம்.

மின்சாரம்

மின்பெட்டியில் "டி" என்று எழுதிய பொத்தான் உள்ள ஆர்சிசிபி விசை, கசியும் மின்சாரத்தை உணர்ந்து நொடிப்பொழுதில் துண்டிக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். வீட்டில் மின்சாரம் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை, உரிமம் பெற்ற மின்பணியாளரை உடனே கூப்பிடுங்கள். 1985 ஜூலைக்கு முந்தைய வீடுகளில் இது இல்லாமல் இருந்திருக்கலாம். எல்லா வீடுகளுக்கும் இது 2023 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டு, பொருத்துவதற்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது.

மழை பெய்யும்போதெல்லாம் விசை விழுந்தால், எங்கோ நீர் புகுந்திருக்கிறது. எல்லாச் செருகிகளையும் பிடுங்கி, எல்லாச் சிறு விசைகளையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு சிறு விசைகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வட்டத்தில்தான் கோளாறு. பெரும்பாலும் துணி காயும் இடத்துச் சுவர்முனையாகவோ வாசல் விளக்காகவோ இருக்கும். அதை இறக்கியே வைத்து ஆள் வரும்வரை காத்திருங்கள். விழும் விசையைக் குச்சி வைத்தோ நாடா ஒட்டியோ நிறுத்த முயல்வது உயிருக்கே ஆபத்து.

துணி, ஏர்கான், வடிகால்

துணியைச் சலவை இயந்திரத்தில் கூடுதலாக ஒருமுறை சுழற்றிப் பிழியுங்கள். அந்தப் பத்து நிமிடம், காயும் நேரத்தில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கூரைக் கம்பியில் தொங்கவிட்டு, துணிகளுக்கிடையே ஒரு கைப்பிடி இடைவெளி விட்டு, மின்விசிறியைக் கீழிருந்து மேலாக வைக்கவும். காயத் தாமதமாகும் துணியில் வரும் நாற்றம் கிருமியால். மறுபடி அலசுவதால் போகாது, 60 டிகிரி நீரில் துவைத்தால்தான் போகும்.

ஏர்கான் வடிகுழாய் அடைத்தால் நீர் அறைக்குள் சொட்டும், மழை ஒழுகுவதாகவே தோன்றும். ஏர்கானை நிறுத்தியபின் சொட்டுவது நின்றால் காரணம் அதுதான். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பராமரிப்புக்காரர் வரும்போது வடிகுழாயை உறிஞ்சச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சிலர் செய்வதில்லை.

தரைவடிகாலின் மூடியைத் தூக்கி உள்கிண்ணத்தையும் கழுவுங்கள். சாரலடிக்கும் துணி காயும் இடத்தில் இது முக்கியம். ஒரு துணிக்கவ்வியும் கொஞ்சம் நூலும் அடைத்தால் போதும், நீர் சமையலறைக்குள் வந்துவிடும்.

தரைவீட்டுக்காரர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. கூரை வடிகாலின் இலைகளை நவம்பர் முடிவிலும் ஜனவரி நடுவிலும் அள்ளுங்கள். இறங்குகுழாயில் ஒரு வாளி நீரை ஊற்றி, கீழே அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் எல்லைக்குள் உள்ள வடிகால் உங்கள் பொறுப்பு. தாழ்வான பகுதியென்றால் வாசல் வெள்ளத்தடுப்புப் பலகையை ஒருமுறை பொருத்திப் பழகிக்கொள்ளுங்கள். அடிப்பகுதி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் பலகை இருந்தும் பயனில்லை. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் திடீர் வெள்ள எச்சரிக்கையை டெலிகிராமில் பெறலாம்.

மழை தொடங்கிய பிறகு

வானிலை ஆய்வகம் பருவக்காற்று வலுக்கப்போவதாக அறிவித்தால், அன்றே துணிகளைத் துவைத்து முடியுங்கள். வடக்குப் பக்க ஜன்னல்களைத் தாழிட்டு, தண்டவாளத்தில் பழைய துண்டை வையுங்கள், ஆனால் வடிகால் துளையை மறைக்காமல். மூங்கில் கழிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். ஜன்னலோரத் தொட்டிகளைத் தரையில் இறக்குங்கள். விளக்கேற்றும் இடம் ஜன்னலருகே இருந்தால் திரைச்சீலையைக் கட்டிவிடுங்கள். 22 டிகிரி நமக்கு இதமாக இருக்கலாம். கைக்குழந்தைக்கும் வயதான அப்பத்தாவுக்கும் இரவில் காலுறையும் ஒரு போர்வையும் வேண்டும். ஈரமான பளிங்குத்தரை அவர்கள் வழுக்கி விழும் இடம் என்பதால், வாசலிலும் குளியலறை முன்பும் அடிப்பக்கம் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள். ஈரமிதியடியை மாற்ற இன்னொன்றும் கையில் இருக்கட்டும்.

சுவர் புதிதாக ஒழுகினால் அப்போது எதையும் பூசாதீர்கள். பென்சில் கோடு, படம், கீழே ஒரு வாளி, அவ்வளவுதான். பிப்ரவரியில் வறண்ட காற்று வந்ததும் மூட்டைச் சரிசெய்து, சுவரை இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, அதே பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். ஒரு நாள் கழித்து உள்பக்கம் துளி இல்லையென்றால் கொப்பளித்த பெயின்டைச் சுரண்டி, அடிப்பூச்சு ஒன்றும் பூஞ்சைத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கையும் அடிக்கலாம். துளி இருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். நீர் நுழையும் இடம் இன்னும் அடைபடவில்லை.